புருஷனும் பெண்டாட்டியும் பேச ஓர் இடம்

1

கோபம் ஆறிய பிறகு எழுதுங்கள் என்று என் மனைவி செல்வி சொன்னாள். ஆறிவிட்டால் எழுத மாட்டேன் என்பது எனக்குத் தெரியும். இருபத்தேழு வருஷமாக இந்த இங்கிலாந்தில் எத்தனையோ விஷயங்களுக்குக் கோபப்பட்டு, ஆறவிட்டு, எழுதாமலே விட்டவன் நான். இதை ஊரில் இருக்கிறவர்கள் படித்தாக வேண்டும். அதனால் ஆறுவதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டேன்.

றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் தம்பி ராசு, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனில் கோல் எடுத்தான். அவனுடைய மூத்த மகன் குமாருக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். மருமகள் வினோதினி ராகலைப் பெண். குமாருக்குக் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை, மாதத்தில் இரண்டு தடவை இரண்டு நாள் லீவில் வருவான்.

“அண்ணே, மானம் போச்சு,” என்றான் ராசு. “கல்யாணம் கட்டுன புருஷன் பொண்டாட்டி, றொசல்ல ஸ்டேஷன் பெஞ்சில உக்காந்துக்கிட்டு லவ் பண்ற பசங்க மாதிரி பேசிக்கிட்டு இருந்திருக்காங்க. ஒரு தடவ இல்ல, மூணு தடவ. கீழ் லயத்து ஆளுங்க பாத்துட்டு வந்து பார்வதிகிட்ட கேக்குறாங்க, ஏன், ஒங்க வீட்ல எடம் இல்லையான்னு.”

பார்வதி தம்பியின் மனைவி. கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல முடியாத ஆத்திரத்தை மருமகள் மேல் கொட்டியிருக்கிறாள். வார்த்தை வளர்ந்திருக்கிறது. மறுநாள் காலையில் வினோதினி பையைத் தூக்கிக்கொண்டு ராகலைக்குப் போய்விட்டாள். இனி வரமாட்டேன் என்று அம்மா வீட்டில் உட்கார்ந்திருக்கிறாளாம்.

“நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா கேப்பாங்க.”

வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு ஊரில் சும்மா கிடைக்கும் பதவி இது. நான் இங்கே ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசிக்கிறவன். அதில் உப்பு போதுமா என்றுகூட யாரும் என்னைக் கேட்பதில்லை. ஆனால் போனை எடுத்தால் நான் நீதிபதி. சந்தோஷமாகப் பதவியை ஏற்றுக்கொண்டேன்.

முதலில் குமாரைப் பிடித்தேன். “வீடு வாசல்னு ஒண்ணு இருக்குறப்ப ஸ்டேஷன்ல என்னாடா ஒனக்குப் பேச்சு?” என்றேன். “சரி பெரியப்பா” என்றான். பிறகு வினோதினி. அவளிடம் குரலைத் தணித்து, குடும்பம் என்றால் நாலும் இருக்கும், அனுசரித்துப் போம்மா, மாமியாரும் அம்மா மாதிரித்தான் என்றெல்லாம் சொன்னேன்.

“சரிங்க பெரிய மாமா,” என்றாள்.

இரண்டு கோலும் சேர்த்துப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஒரு குடும்பத்தை ஒட்டவைத்துவிட்ட திருப்தியில் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன்.

2

அதே வாரம் புதன்கிழமை, எங்கள் கல்யாண நாள். மகள் நிவேதா ஒரு கேக்கோடு வந்தாள். அவளுக்கு வருகிற வருஷம் கல்யாணம். மாப்பிள்ளை டானியல், இங்கே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரப் பையன். கோயிலிலும் தாலி கட்டவேண்டும், அவனுடைய சர்ச்சிலும் கல்யாணம் நடக்கவேண்டும் என்பது ஏற்பாடு. அந்த சர்ச்சில் ஒரு நிபந்தனை. கல்யாணத்துக்கு முன் ஆறு மாலை வகுப்புக்கு இருவரும் சேர்ந்து போக வேண்டும். போகாவிட்டால் தேதி கிடையாது.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. கார் ஓட்டப் பாடம், நீந்தப் பாடம், இப்போது குடும்பம் நடத்தவும் பாடமா? நாங்களெல்லாம் எந்த வகுப்புக்குப் போனோம் என்று டானியலிடமே கேட்டேன். அவன் மரியாதையாகச் சிரித்தான். நான் சொன்ன ஆங்கிலம் அவனுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது.

“அப்பா, ஹோம்வொர்க் இருக்கு,” என்று நிவேதா ஒரு தாளை எடுத்தாள். “உங்க ரெண்டு பேரையும் கேட்டு எழுதணும்.”

அவள் தமிழ் எங்கள் வீட்டுக்குள் மட்டும் நடமாடும் தமிழ். தாளில் இருந்ததை மொழிபெயர்த்துச் சொன்னாள். உன் அப்பாவும் அம்மாவும் கல்யாணமான புதிதில் தனியாக உட்கார்ந்து பேசிய இடம் எது? எவ்வளவு நேரம் பேசுவார்கள்?

“வீட்லதான். வேற எங்க?” என்றேன்.

செல்வி தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

“பொய் சொல்லாதீங்க,” என்றாள். “வெறகுக்குப் போறப்ப பேசுனோம். அத விட்டா எங்க பேசுனோம்?”

3

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் லயம் எட்டு வீடு ஒரே வரிசை. ஒரு வீடு என்றால் உள்ளே காம்பரா என்கிற ஒரே அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற அடைத்த தாழ்வாரம், அதற்குள்ளே ஒரு மூலையில் அடுப்பு. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே இருக்கும் சுவர் கூரை வரை போகாது. மூன்றாவது வீட்டில் தும்மினால் முதல் வீட்டில் ஆயுசு நூறு என்பார்கள். அப்படி ஒரு இடத்தில் அப்பா, அம்மா, இரண்டு தங்கைகள், தம்பி, நான், புதிதாக வந்த செல்வி.

கல்யாணம் கட்டினால் காம்பராவைப் புது ஜோடிக்கு விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மற்ற எல்லோரும் இஸ்தோப்பில் பாய் போடுவார்கள். பெரிய மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் கதவென்று இருந்தது ஒரு சீலைத் துணி. அந்தத் துணிக்கு அந்தப் பக்கம் என் அப்பா இருமுவார். இந்தப் பக்கம் நானும் செல்வியும் வாயைத் திறக்காமல் படுத்திருப்போம். பத்து மாதத்தில் ராசுவுக்குக் கல்யாணமானது. காம்பரா அவனுக்குப் போனது. நாங்கள் இஸ்தோப்புக்கு வந்தோம். அந்த வரிசையில் யாரும் தப்ப முடியாது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை விறகுக்குப் போனோம். கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகளை மிலாறு என்போம், அதைப் பொறுக்க மலைக்கு ஏறவேண்டும். புதிதாகக் கட்டியவர்கள் எல்லோருமே ஞாயிற்றுக்கிழமை விறகுக்குப் போனார்கள். வீட்டில் விறகு குவிந்து கிடந்தாலும் போனார்கள். திரும்பி வரும்போது கட்டு சின்னதாக இருந்தால் லயமே கிண்டல் பண்ணும். “என்னா மச்சான், மலையில மிலாறு தட்டுப்பாடா?” என்று கேட்பார்கள். செல்விக்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயம், தோட்டத்தை விட்டுப் போக எனக்கு எவ்வளவு ஆசை, எல்லாம் அந்தச் சரிவில் குச்சி பொறுக்கிக்கொண்டு பேசியதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் இல்லாவிட்டால் நாங்கள் இன்று புருஷன் பெண்டாட்டியாக இருப்போமா என்பது சந்தேகம்.

பிறகு கொழும்பு ஹோட்டலில் சமையல் பழகி, இங்கே ஒரு சாப்பாட்டுக் கடைக்குச் சமையல்காரனாக வந்தேன். செல்வியை அழைக்க விசா விண்ணப்பம் போட்டேன். கல்யாணமான முதல் வருஷம் எங்கே தங்கினீர்கள், எந்த அறையில் படுத்தீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். நான் காம்பரா என்பதை மனதில் வைத்து, உள் அறை என்று எழுதினேன். கொழும்பில் செல்வியைக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டார்கள். அவள் தாழ்வாரம் என்றாள். இரண்டும் உண்மை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒருவர், இவர்கள் சேர்ந்து வாழ்ந்ததற்கு நம்பத் தகுந்த ஆதாரம் இல்லை என்று கடிதம் அனுப்பிவிட்டார். கதவில்லாத வீட்டில் நாங்கள் பட்ட பாட்டை அவருக்கு எந்தப் படிவத்தில் எழுதிக் காட்டுவது? மறுபடி விண்ணப்பித்து, மறுபடி காத்திருந்து, அவள் வந்து சேரும்போது இரண்டு வருஷம் போய்விட்டது.

இதையெல்லாம் நிவேதாவுக்குச் சொன்னேன். விறகுக்குப் போவதென்றால் கேம்பிங் மாதிரியா என்று கேட்டாள். இல்லை என்று விளக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். அவள் தாளில் ஏதோ எழுதிக்கொண்டாள்.

செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் புள்ளைங்க ஏன் ஸ்டேஷனுக்குப் போச்சுன்னு கேட்டீங்களா?” என்றாள்.

நான் கேட்கவில்லை. தீர்ப்புச் சொல்லும் அவசரத்தில் கேள்வி கேட்க மறந்துவிட்டது.

4

மறுநாள் செல்வி ராகலைக்குக் கோல் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது என்பது எனக்கு இட்ட கட்டளை.

வினோதினி முதலில் ஆமாம், இல்லை என்றே பதில் சொன்னாள். செல்வி விறகுக் கதையைச் சொன்ன பிறகு அவளும் பேசத் தொடங்கினாள்.

முதல் மூன்று மாதம் வழக்கப்படி காம்பரா கிடைத்திருக்கிறது. அதற்குப் பிறகு ராசுவின் மகளுக்குப் பல்கலைக்கழகம் போக எழுதும் ஏ.எல். பரீட்சை நெருங்கியது. படிக்கிற பிள்ளைக்கு இடம் வேண்டும். காம்பராவில் அவளும் பார்வதியும் ராசுவும். இஸ்தோப்பில் வினோதினியும், குமாரின் தம்பியும், பார்வதியின் அம்மாவும். குமார் லீவில் வந்தால் அவனும் அங்கேதான்.

விறகுக்குப் போகவும் வழியில்லை. வீட்டில் இப்போது கேஸ் அடுப்பு. போதாக்குறைக்கு மேல் மலையில் சிறுத்தை நடமாடுகிறதென்று யாரும் அந்தப் பக்கம் ஏறுவதில்லை.

“அப்பறம் ஒரு கருத்தரங்கு வச்சாங்க பெரியத்த,” என்றாள். “குடும்ப நல்லுறவுன்னு. பிள்ளக்காம்பராவுல.”

பிள்ளைக்காம்பரா என்பது தோட்டத்தில் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். அங்கே நாற்காலி போட்டு, பெனர் கட்டி, கொழும்பிலிருந்து ஒரு பேச்சாளர் வந்திருக்கிறார். புதிதாகத் திருமணமான ஜோடிகளுக்கு என்று அறிவிப்பு. ஆனால் தோட்டத்துப் புது மாப்பிள்ளைகள் எல்லோரும் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். வந்தது பெண்கள் மட்டும். அவர்களுக்குப் பின்னால், பிஸ்கட்டும் தேத்தண்ணியும் உண்டென்று கேள்விப்பட்டு, மாமியார்மார்.

தினமும் அரை மணி நேரம் கணவனும் மனைவியும் தனிமையில் அமர்ந்து மனம் விட்டுப் பேச வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். போன் பேச்சு கணக்கில்லை, நேரில் பேசவேண்டும். பேசாத குடும்பம் உடையும் என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறார். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றதும் வினோதினி எழுந்து நின்றாள்.

“எங்க வச்சு பேசுறதுங்க சார்?”

சபையே சிரித்திருக்கிறது. அவள் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. இடம் முக்கியமில்லை தங்கச்சி, மனம்தான் முக்கியம் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அன்றைக்கே அவளுக்கு லயத்தில் வாய்க்காரி என்று பெயர் விழுந்தது.

மனம்தான் முக்கியமாம். அந்த மனிதர் இரவு தங்கியது ஹட்டனில் ஒரு ஹோட்டல் அறையாக இருக்கும். அதற்கு ஒரு கதவு இருந்திருக்கும், கதவுக்கு ஒரு பூட்டு இருந்திருக்கும். ஏழு பேர் படுக்கிற வீட்டில் வந்து தனிமையைப் பற்றிப் பாடம் எடுக்க எப்படி நாக்கு வருகிறது? எங்கள் ஆட்களுக்குப் பொறுமை போதாது, படிப்பு போதாது, குடிக்கிறார்கள், அடிக்கிறார்கள், அதனால்தான் குடும்பம் உடைகிறது என்று எத்தனை கூட்டத்தில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு கூட்டத்திலாவது அறை போதாது என்று யாரும் சொன்னதில்லை. சொன்னால் அறை கட்டிக்கொடுக்க வேண்டி வரும். பெனர் கட்டுவது சுலபம்.

“அவரு சொன்னததான் நாங்க செஞ்சோம்,” என்றாள் வினோதினி. “அவங்க லீவில வர்றப்ப ஸ்டேஷனுக்குப் போனோம். ரயில் வந்துட்டுப் போனா அங்க ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. பெஞ்சு இருக்கு, மேல தகரம் இருக்கு, மழ வந்தாலும் நனையாது. நான் தையல் பழகுறதா, அவங்களோட கொழும்புக்குப் போறதா, புள்ள இப்ப வேணுமா, இதத்தான் பேசுனோம். தப்பா ஒண்ணும் பேசலைங்க.”

செல்வி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

5

வெட்கம் எனக்குக் கோபமாகத்தான் வரும். அந்தக் கோபத்தை யார் மேல் இறக்குவது என்று தேடி ராசுவைப் பிடித்தேன்.

“ஏன்டா, மகனுக்குக் கல்யாணம் பண்ணத் தெரிஞ்ச ஒனக்கு, அவனுக்கு ஒரு ரூம் எடுக்கத் தெரியலையா?”

கேட்டுப் பார்த்தானாம். கல்யாணத்துக்கு முன்பே லயத்தின் பக்கவாட்டில் தகரம் இறக்கி ஓர் அறை எடுக்கத் தோட்டத்து ஒபிசுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறான். அனுமதியில்லை என்று பதில். லயம் தோட்டத்துச் சொத்து, அதில் ஒரு செங்கல் கூட்டக் கூடாது. புது வீட்டுத் திட்டம் வரும், அதுவரை பொறுங்கள் என்றார்களாம். மூன்று தலைமுறையாக அந்த மண்ணில் குனிந்தவர்களுக்கு, மகனும் மருமகளும் படுக்க எட்டடி தகரம் இறக்க உரிமை இல்லை.

“பத்து வருஷத்துக்கு முன்னால பின்பக்கம் ஒரு ரூம் கட்டுனப்ப இருந்த மேனேஜர் தொர ஒண்ணும் சொல்லலையே?”

“அவரு நல்ல மனுஷன், கண்டுக்கல. இப்ப இருக்கிறவரு அப்பிடி இல்லண்ணே.”

“அப்ப அந்த ரூம் இருக்குதானே. அதுல அந்தப் புள்ளைங்கள விட்டா என்னா? ஏன்டா ஒனக்கு அறிவு இல்லையா?”

ராசுவின் குரல் மிகவும் பணிவாக இருந்தது.

“அண்ணே, அது ஒங்க ரூமு. சாவியும் ஒங்ககிட்டத்தான் இருக்கு.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் வீட்டு வாசலில் கார்ச் சாவி தொங்கும் கொக்கியில், அதற்குப் பின்னால், சிவப்பு நூல் கட்டிய ஒரு சின்னச் சாவி. தினமும் வேலைக்குப் போகும்போது என் விரல் படுகிற சாவி. அது எந்தப் பூட்டுக்கு என்று நான் யோசித்தே வருஷங்கள் ஆகின்றன.

அந்த அறை நான் பணம் அனுப்பி, லீவில் போனால் தங்குவதற்காகக் கட்டியது. பிள்ளை இங்கே வளர்ந்தவள், குந்தி உட்காரத் தெரியாது என்று சொல்லி அதற்குள்ளேயே கொமட் வைத்த கக்கூஸும் கட்டியது. மெத்தைக்குப் போட்டு வந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. கடைசியாகப் போனது நாலு வருஷத்துக்கு முன்னால், பன்னிரண்டு நாள். திரும்பும்போது இரண்டு சூட்கேஸை உள்ளே வைத்துப் பூட்டி, “யாரையும் உள்ளுக்கு விடாத, எலி வந்துரும்” என்று நானே சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

தம்பி அதை அப்படியே காப்பாற்றியிருக்கிறான். சுவருக்கு இந்தப் பக்கம் அவன் மகனும் மருமகளும் ஒரு கிழவிக்கும் ஒரு பையனுக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டு படுத்திருக்க, அந்தப் பக்கம் என் சூட்கேஸ் இரண்டும் தனிமையில் இருந்திருக்கின்றன. கொழும்புக்காரரைத் திட்டினேன், ஒபிசைத் திட்டினேன், தம்பியைத் திட்டினேன். திட்டியதில் எதையும் திருப்பி எடுக்க மாட்டேன். ஆனால் அந்த வரிசையில் முதலில் நிற்க வேண்டியவன் நான். “வீடு வாசல்னு ஒண்ணு இருக்குறப்ப” என்று அந்தப் பையனிடம் கேட்டவன் நான்தானே. சரி பெரியப்பா என்று மட்டும் சொன்னான். அந்த நேரம் அவன் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இதைப் படிக்கிற வெளிநாட்டு அண்ணன்மாரே, உங்கள் வீட்டுக் கொக்கியையும் ஒரு தடவை பாருங்கள்.

6

“சாவிய தபால்ல அனுப்புங்கண்ணே,” என்றான் ராசு.

“ஒடைடா.”

“நல்ல பூட்டுண்ணே.”

“நல்ல பூட்டாவே இருக்கட்டும். இப்ப ஒடை. நான் கோல்ல இருக்கேன்.”

“நீங்க லீவில வந்தா எங்கண்ணே படுப்பீங்க?”

“இஸ்தோப்புலதான். நான் படுக்காத இஸ்தோப்பாடா?”

அவன் சுத்தியலைத் தேடும் சத்தம் கேட்டது. பார்வதி என்ன என்று கேட்டதும், இவன் ஏதோ சொன்னதும் கேட்டது. பிறகு அடி விழுந்தது. நாலாவது அடியில் பூட்டு கீழே விழுந்தது. எலி ஒன்றும் இல்லையண்ணே என்றான்.

வினோதினிக்கு நானே கோல் எடுத்தேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவன் கேட்கும்போது அதுவும் கட்டளை மாதிரித்தான் வருகிறது. “அம்மாடி, நான் சொன்னது தப்பு, நீ கேட்டதுதான் சரி” என்றேன். ரூமைத் திறந்தாயிற்று, வா என்றேன்.

“பெரிய மாமா, அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாப்பா இருக்குங்களா?”

நான் ராசுவைக் கேட்டேன். அவன் போய்ப் பார்த்தான். இல்லை. வெளியே பூட்டுப் போடத்தான் இரும்பு அடித்திருந்தோம். உள்ளே இருப்பவர்கள் சாத்திக்கொள்ள வேண்டியிருக்கும் என்று கட்டும்போது யாருக்கும் தோன்றவில்லை.

குமார் அடுத்த லீவுக்கு வரும்போது தான் வேலை செய்கிற கடையிலிருந்தே ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்தான். அதைக் கதவில் பொருத்திய பிறகு படம் எடுத்து ராகலைக்கு அனுப்பினான். மறுநாள் வினோதினி ராகலையில் பஸ் ஏறி, நுவரெலியாவில் இறங்கி, வேனில் நானுஓயாவுக்கு வந்து, மெதுவாகப் போகிற ரயிலைப் பிடித்து றொசல்லவில் இறங்கினாள். குமார் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தானாம். இந்தத் தடவை யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று பார்வதியும் கூடப் போயிருந்தாள்.

இங்கே எங்கள் வீட்டில் கதவுகளுக்குக் குறைவில்லை. செல்விக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை, எனக்குப் பகல் வேலை. பால் முடிந்தது, சலவை எடுக்கவும் என்று ஃபிரிட்ஜில் ஒட்டிய தாள்களில்தான் நாங்கள் பல நாள் பேசிக்கொள்கிறோம். இரண்டு பேரின் ஓய்வு நாளையும் ஒன்றாக மாற்றித்தரச் சொல்லி இப்போது எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை. வராவிட்டால் மறுபடி எழுதுவோம். படிவம் நிரப்புவது எங்களுக்குப் புதிதல்ல.

போன சனிக்கிழமை காலையில் குமாருக்குக் கோல் எடுத்தேன். அவன் எடுக்கவில்லை. ராசுவுக்கு எடுத்தேன். வந்திருக்கிறானா என்று கேட்டேன்.

“ரெண்டு பேரும் ரூம்லதான் இருக்காங்கண்ணே. காலையிலருந்து பேச்சு. கூப்புடவா?”

“வேணாம், வேணாம்,” என்றேன். ஆனாலும் பழைய நீதிபதி முழுதாகச் செத்துவிடவில்லை. “என்னாடா அவ்வளவு நேரம் பேசுறாங்க?”

“தெரியலண்ணே,” என்றான் ராசு. “கதவு சாத்தியிருக்கு.”